செல்லக்கனி வாங்காத விளை

மண்டைக்காட்டில் கருப்பட்டி வியாபாரம் செய்துவந்த சுயம்புவும் அவர் மனைவி செல்லக்கனியும் 1951-இல் முதன்முதலாக நிலம் வாங்கப் புறப்பட்டார்கள். சேர்த்துவைத்தது ஒரு சொத்துக்குத்தான் போதும். விலைக்கு வந்தவையோ இரண்டு.

ஒன்று, அதே ஊரில் குமாரதாஸ் என்பவரின் கடலோரத் தென்னந்தோப்பு. ஊரில் அதை விளை என்பார்கள். மற்றது நாகர்கோவிலில் பஸ் ரோட்டை ஒட்டி, பாறையும் எருக்கஞ்செடியுமாகக் கிடந்த ஒரு துண்டு மனை.

விளைக்குள் கால்வைத்ததுமே செல்லக்கனிக்கு வேறு இடம் பார்க்க மனம் வரவில்லை. ஓலைச் சலசலப்புக்குப் பின்னால் அலையோசை கேட்டது. இங்கே அடுக்களை, அங்கே தொழுவம் என்று மனசுக்குள்ளேயே வீடு கட்டிவிட்டாள். பிறந்ததிலிருந்து அடுத்தவர் இடத்தில் குடியிருந்தே பழகியவள் அவள்.

ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இதுல ஒங்க தம்பிக்கும் பங்கு உண்டுல்லா? அவரு பத்திரத்துல ஒப்பு போடுவாரா?"

"பொன்னுலிங்கம் கொழும்புல இருக்கான். நீங்க முதல்ல பதிஞ்சுக்கிடுங்க. அவன் வரும்போ ஒப்பு போடுவான்" என்றார் குமாரதாஸ்.

வீடு திரும்பியதும் சுயம்பு சொன்னார்: "ஒனக்கு விளைதான் வேணும்னா வாங்கீருவோம், ஏட்டி. மொகத்தப் பாத்தாலே தெரியுது."

செல்லக்கனி சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். பிறகு, "தம்பிக்காரரு வந்து சம்மதமில்லன்னு சொன்னா நாம எங்க போவோம்? தேங்கா வெல எறங்குனா என்ன செய்ய? ரோட்டோரம் ரெண்டு கடை கெட்டிப்போட்டா மாசாமாசம் வாடகை வரும். மனையையே வாங்குவோம்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். சுயம்பு பின்னால் போகவில்லை.

மனையை வாங்கிப் பாறையை உடைத்துக் கடைகள் கட்டினார்கள். ஒரு தையற்காரரும் ஒரு சாயாக்கடைக்காரரும் வாடகைக்கு வந்தார்கள். அவள் நினைத்தது எதுவும் தப்பவில்லை. ஆனால் கடற்கரைப் பக்கம் போகும்போதெல்லாம் விளையின் வேலியோரம் நின்றுவிடுவாள். விழுந்த மட்டைகள் எடுக்காமல் கிடந்தால், தன் முற்றம் பெருக்காமல் கிடப்பதுபோல மனம் உளையும்.

1956-இல் அந்தப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாகர்கோவிலில் ஆள்நடமாட்டம் கூடி, வாடகையும் ஏறியது. அந்தச் சமயத்தில்தான் பொன்னுலிங்கம் ஊர் திரும்பினார். பாகம் பிரித்ததில் விளை முழுக்க அவருக்கே வந்தது. கேள்விப்பட்டதும் செல்லக்கனி சுயம்புவிடம்கூடச் சொல்லாமல் விளைக்கு ஓடினாள்.

"அண்ணாச்சி, விளையக் குடுப்பீங்களா? நாங்க வாங்கிக்கிடுகோம்."

மெலிந்துபோன மனிதர். ஒரு தென்னையில் கையை ஊன்றி நின்றார்.

"தப்பா நெனைக்காத தங்கச்சி. கொழும்புல சாக்கு மூட்டைக்கு மேல படுத்துக் கெடந்தப்பல்லாம் இந்த எடத்த நெனச்சுதான் ஒறங்குவேன். குடுக்கமாட்டேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளைவிட அதை நன்றாகப் புரிந்துகொள்ள வேறு ஆள் இல்லை. அவர் வெட்டித் தந்த இளநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

மறுவருடம் நாகர்கோவில் கடைகளுக்கு மேல் மாடி எழுப்பி இருவரும் குடியேறினார்கள். நல்ல வீடு. காலையில் எழுந்ததும் செல்லக்கனி விளை இருக்கும் திசையில், மேற்கு ஜன்னலருகே சற்று நிற்பாள். எதிர்ச்சாரிக் கூரைகள்தான் தெரியும்.