நாற்பத்தொன்றாவது குரல்

கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பேசுவதைவிடக் கேட்பதுதான் முக்கியம் என்று ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் நானே ஒரு மணி நேரம் பேசித் தீர்ப்பேன். முகம் பார்க்காமல் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று கொஞ்சம் கர்வமும் உண்டு. அது உடைந்த கதையை எழுத உட்கார்ந்தால் இப்போதும் கை கூசுகிறது.

எங்கள் கல்லூரி தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது. அந்தப் பருவத்தில் முதலாண்டு வகுப்பு ஒன்று பாதியில் என் தலையில் விழுந்தது. அவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். மொத்தம் நாற்பத்தொரு பேர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் மணி. வகுப்பறை ஒரு காலத்தில் ஆய்வுக்கூடமாக இருந்தது. வெயில் தாங்காமல் ஜன்னல் கண்ணாடிகளில் யாரோ பச்சைத் தாள் ஒட்டிவைத்திருந்தார்கள். உள்ளே போனால் எல்லார் முகமும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தெரியும்.

வருகை எடுப்பதில் எனக்கு ஒரு வழக்கம். பெயர் படிக்க மாட்டேன், எண்தான். தலையையும் நிமிர்த்த மாட்டேன். "எஸ் மேம்" என்று சத்தம் வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் 'ஏ'. அந்த வகுப்புக்கு என் மணியில் எடுக்கும் வருகைதான் அலுவலகத்துக்குப் போகும். 'ஏ' விழுந்த பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலைக்குள் செல்போனில் மெசேஜ் போய்விடும். தினமும் யாருக்காவது விழும். இருபத்தாறாம் எண்ணுக்கு மட்டும் விழுந்ததே இல்லை. மெல்லிய குரல், சொல்லி முடிக்கும்போது லேசாக மூச்சு வாங்கும். யாரென்று தெரியாமலே அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

நான்கு வாரம் கழித்து ஒரு நாள் அவர்களுக்கு ஒரு விளையாட்டு வைத்தேன். எல்லாரும் மேசையில் தலை கவிழ்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒருவர் 'ஒன்று' என்பார், எங்கிருந்தாவது இன்னொருவர் 'இரண்டு' என்பார். வரிசை கிடையாது, ஜாடை கிடையாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து. அடுத்தவர் பேசப்போகிறாரா என்று அவர் மூச்சை வைத்தே உணர வேண்டும். பதிவேட்டில் அன்று ஒரு 'ஏ'கூட இல்லை. "இன்னைக்கு ஃபுல் அட்டெண்டன்ஸ். ஆளுக்கு ஒன்னு, நாப்பத்தொன்னு வரைக்கும் போகணும்" என்றேன்.

ஐந்தில் உடைந்தது, ஒன்பதில் உடைந்தது, சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. திடீரென்று கரண்ட் போனது. மின்விசிறிகள் நின்றதும் அப்படி ஒரு அமைதி. எண்கள் அறையின் மூலைகளிலிருந்து ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. இருபதைத் தாண்டியது, முப்பதைத் தாண்டியது. நானும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நாற்பது வந்தது. அதன் பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை. விளையாட்டு இங்கேயே நின்றுவிட்டது என்று நினைத்தபோது, "நாற்பத்தொன்று" என்றது அந்த மெல்லிய குரல்.

நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கி என்னையே பார்த்தார்கள்.

அடுத்து, இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி உட்காரச் சொன்னேன். ஒருவர் தன் கையிலிருக்கும் படத்தை வர்ணிக்க வேண்டும், மற்றவர் அதைக் கேட்டு வரைய வேண்டும். நாற்பத்தொரு பேரில் ஒருவர் மிஞ்சுவார், அவருக்கு ஜோடி நான் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். எல்லாருக்கும் ஜோடி இருந்தது. தலைகளை எண்ணினேன், நாற்பது. விரல் நீட்டி மறுபடி எண்ணினேன். நாற்பதுதான்.

"யாராச்சும் வெளிய போனீங்களா?"

"இல்லீங்க மேம்."

பட்டப்பகலில், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு நான் பயந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மணி அடித்ததும் பதிவேட்டைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாளும் அதே விளையாட்டு. இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. அவர்கள் தலை கவிழ்ந்ததும் எண்ணிக்கொண்டேன். நாற்பது. செருப்பை மேடையருகே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தேன். எண்கள் வளர்ந்தன. நாற்பதுக்குப் பிறகு நேற்றுப் போலவே அமைதி. அப்போது நான் மூன்றாவது பெஞ்சின் ஜன்னலோரம் நின்றிருந்தேன். அங்கே ஒரு இடம் காலியாக இருந்தது. ஆனால் மேசையில் நோட்டு ஒன்று திறந்திருந்தது, அதன்மேல் மூடி கழற்றிய பேனா. "நாற்பத்தொன்று" என்ற குரல் அந்த இடத்திலிருந்து, என் இடுப்புயரத்திலிருந்து வந்தது.

உடம்பு தூக்கிப்போட்டது. ஓடவும் முடியவில்லை. காலி இடத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்திருந்த பெண்ணின் தோள் குலுங்குவது அப்போதுதான் கண்ணில் பட்டது. அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். சுற்றிலும் முப்பத்தொன்பது பேர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. எனக்கு அது சீக்கிரம் வரும். எல்லாரையும் வெளியே விரட்டிவிட்டு அவளை மட்டும் நிறுத்தினேன்.

"இருபத்தாறு யாரு?"

"என் ரூம்மேட்டுங்க மேம். ஒரே ஊருங்க."

"எங்க அவ?"

"தெரியலீங்க மேம்."

அந்த 'தெரியலீங்க' என் கோபத்தை அப்படியே அணைத்துவிட்டது. அவள் அழுகைக்கு நடுவே சொன்னாள்.

"அவளுக்கு வூட்ல கல்யாணம் பேசிட்டாங்க மேம். ஓசூர்ல ஒரு கம்பெனில வேலைக்குச் சேந்துட்டா அப்பா மனசு மாறுவாருன்னு போனா. ஹாஸ்டல்ல ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டா. ஒரு வாரம் மட்டும் எனக்கும் சேத்து எஸ் மேம் சொல்லிடுடின்னா. நாலு நாள் போன்ல பேசுனா. அப்பறம் ஸ்விட்ச் ஆஃப். மூணு வாரமாச்சுங்க."

"அப்பவே யார்கிட்டயாவது சொல்றதுக்கு என்ன?"

"நான் நிறுத்துனா அன்னைக்கே வூட்டுக்கு மெசேஜ் போயிடுமுங்களே. நாளைக்கு வந்துடுவா, நாளைக்கு வந்துடுவான்னு அவ எடத்துல நோட்டத் தெறந்து வெச்சு, தெனமும் எஸ் மேம் சொல்லிட்டேன். நேத்து நீங்க நாப்பத்தொன்னு வரைக்கும்னு சொன்னீங்க. யாராச்சும் சொல்லித்தானுங்களே ஆகணும்."

அலுவலகத்துக்கு ஓடி, காணாமல்போனவளின் அப்பாவின் எண்ணை வாங்கினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, பின்னால் மணிச் சத்தம் கேட்டது. மகள் ஊருக்கு வந்திருக்கிறாளா என்று கேட்டேன்.

"அவ காலேஜ்ல இல்லீங்களா? போன் அடிச்சா எடுக்கலீங்க. பரீட்ச வருதுன்னு ஹாஸ்டல்ல வாங்கி வெச்சிருப்பாங்கன்னு நெனச்சனுங்க. வரலன்னா மெசேஜ் வரும்னு சேக்கறப்பவே சொன்னாங்களே. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. தெனமும் சாயங்காலம் பக்கத்து வூட்ல போனக் குடுத்துப் பாக்கச் சொல்வனுங்க. ஒன்னும் வரலீன்னதும் நிம்மதியாப் படுத்துக்குவனுங்க."

அந்த மனிதர் மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கியது நான் போட்ட கோடுகளை நம்பித்தான்.

அப்பா பஸ் பிடித்து வந்துசேர்ந்ததும், அன்று மாலையே அவரும் நானும் காவல் நிலையம் போனோம். பெண் காவலர் பதிவேட்டை வாங்கி விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"நேத்து வரைக்கும் காலேஜ் வந்திருக்காங்களே மேடம். அப்பறம் எப்படிங்க மூணு வாரமா காணோம்னு கம்ப்ளெய்ண்ட் எடுக்கறது?"

அந்தக் கோடுகள் பொய், நான் அந்தப் பெண்ணைப் பார்க்காமலே போட்டவை என்று என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தார். அதில் இரட்டைச் சடையோடு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தாள். "பழசா இருக்கே. இப்ப எப்படி இருப்பாங்க? முடி வெட்டியிருக்காங்களா, கண்ணாடி போட்டிருக்காங்களா?" என்று காவலர் என்னைக் கேட்டார். தினம் பார்க்கும் டீச்சருக்குத் தெரியும் என்று அப்பாவும் என் பக்கம் திரும்பினார். எனக்கு எந்த முகமும் வரவில்லை. காதில் மூச்சு வாங்கும் அந்த மெல்லிய குரல்தான் வந்தது, அதுவும் அவளுடையதல்ல.

அடுத்த ஆறு நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். வகுப்பில் இருபத்தாறைத் தாண்டும்போது யாரும் பதில் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்தும் பேனா நின்றுவிடும். எங்கே அந்தக் குரல் வந்துவிடுமோ என்று காத்திருப்பேன்.

ஆறாம் நாள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஓசூரில் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியில் அவள் நல்லபடியாகவே இருந்திருக்கிறாள். போன் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. தோழியின் எண் மனப்பாடமில்லை, வீட்டுக்குப் பேசப் பயம். எல்லாம் தோழி பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டாள். செய்தி கேட்டதும் ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா கல்யாணப் பேச்சை நிறுத்தி, படிப்பை முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு மதியம், ஆசிரியர் அறை வாசலில் உயரமான ஒரு பெண் வந்து நின்றாள். தலை நிமிர்த்திப் பார்த்தேன்.

"யாரும்மா, யாரப் பாக்கணும்?"

"நாந்தானுங்க மேம்" என்றாள்.

கனத்த, கணீரென்ற குரல். அறையிலிருந்த எல்லாருமே திரும்பிப் பார்த்தார்கள். ஓசூர் போவதற்கு முந்தின வாரம், இந்தக் குரல்தான் ஐந்து நாள் என் வகுப்பில் "எஸ் மேம்" என்று சொல்லியிருக்கிறது. ஐந்து கோடுகளும் பதிவேட்டில் இருக்கின்றன. நான் அதைக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை.