நெஞ்சடிப்பும் ஏழாம் கோடும்

அந்தப் படகில் எனக்கு இருந்த இடம் ஒரு பலகையின் அரைப்பங்கு. மற்ற அரைப்பங்கில் எண்ணெய்த் தகரமும் கோணமானிப் பெட்டியும் இருந்தன. ஆறு மாதத்துக்கு அந்த இடம் என்னுடையது என்று அலுவலகத்தில் கடிதம் தந்திருந்தார்கள். ஆறு மாதம் முடிய வைத்தியச் சான்றிதழைக் கொடுத்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் மேல்மாடி வரைபட அறைக்குத் திரும்ப வேண்டும். அங்கே மற்றவர்கள் அளந்து கொண்டுவரும் ஆழங்களை மையால் நகலெடுக்கலாம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. படவரைஞர் பயிற்சி முடித்த பெண்கள் எங்கள் துறைமுக அலுவலகத்தில் இரண்டு பேர் இருந்தோம். படகில் ஏறியவள் நான் மட்டும்.

வேலை சிக்கலானதல்ல. கரையில் நட்ட இரண்டு கொடிகளும் ஒன்றையொன்று மறைக்கும்படி படகு நேராகப் போகும். அது ஒரு கோடு. நான் கடிகாரத்தைப் பார்த்து இருபது விநாடிக்கு ஒருமுறை "போடுங்கோ" என்பேன். முன்னால் நிற்கும் கயிற்றுக்காரர், முஸ்லிம் அண்ணன் முறையில் நாங்கள் நானா என்போம், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை எறிந்து, ஆழம் எத்தனை பாகம் என்று உரத்துச் சொல்வார். ஒரு பாகம் ஆறடி. நான் எழுதுவேன். இடையிடையே எங்கள் அளவையாளர், நாங்கள் சேவையர் ஐயா என்போம், கோணமானியால் கரையைப் பார்த்துப் படகு நிற்கும் இடத்தைக் குறிப்பார். அந்த இடங்களுக்கு நடுவே விழுந்த ஆழங்களை வரைபடத்தில் சம தூரம் விட்டு வைப்போம். இருபது விநாடி எப்போதும் இருபது விநாடிதான் என்பதை நம்பித்தான் அந்த வரைபடமே நின்றது. எங்கள் துறைமுகத்தின் அடி மெல்லச் சரிவதில்லை. சில இடங்களில் கிணறு மாதிரி விழும். அங்கே ஐந்து விநாடி பிந்தினால் ஒரு பாகம் பிசகிவிடும்.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. முதல் நாள் பின்னேரமே அடுத்த நாளின் களப்புத்தகத்தில் நேர நிரலை எழுதி முடித்துவிடுவேன்: இருபது, நாற்பது, ஒரு நிமிடம், ஒன்று இருபது. படகில் ஆழத்தை மட்டும் எழுதினால் போதும். சேவையர் ஐயா அந்தப் புத்தகத்தை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கோ, ஒரு வெட்டுக் கொத்து இல்லை. உங்களுக்கு இப்பிடி எழுத ஏலுமா?"

மூன்றாம் மாதத்தில் நெஞ்சு தொடங்கியது. ஒரு துடிப்பு வரவேண்டிய இடத்தில் வராது. இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்தால் அந்தப் படி இல்லாத மாதிரி ஒரு வெறுமை. பிறகு தொண்டைவரை கேட்கும் ஒரே இடி. முதல் நாள் இரண்டு தரம். ஏழே நாளில், ஒரு கிழமைக்குள், மணிக்கு எட்டு, பத்து. இதற்கும் ஒரு குறிப்புக் கொப்பி போட்டேன். தேத்தண்ணீரை நிறுத்திப் பார்த்தேன். கருவாட்டை நிறுத்தினேன். இடப்பக்கம் சரிந்து படுப்பதை விட்டேன். பசியோடு இருந்து பார்த்தேன், வயிறு நிறையச் சாப்பிட்டும் பார்த்தேன். எதற்கும் அது பணியவில்லை. ஓடும்போதோ மாடிப்படி ஏறும்போதோ வராது. அமைதியாக உட்கார்ந்தால் வரும். படகில் நான் செய்ததெல்லாம் அமைதியாக உட்கார்ந்திருந்ததுதான்.

நான் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அவள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"திரும்பவும் கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாய். நாடி பாக்கிற பரியாரியே நீ?"

"சும்மா."

"சும்மா இருக்கிறவை விரலால எண்ண மாட்டினம். வா, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"ஏலாது அக்கா. சான்றிதழ் எழுதுறதும் அந்த ஆஸ்பத்திரிதான்."

"அதுக்கு? செத்துப் போனால் நிரந்தரம் ஆக்குவினமே?"

என் கணக்கு எளிது. சோதனை நாளன்று அந்த ஐந்து நிமிடம் நெஞ்சு ஒழுங்காக அடித்தால் போதும். அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது.

ஏழாம் கோடு எடுத்த காலையில் காற்றே இல்லை. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. கோட்டின் நடுவில், ஆழம் விழத் தொடங்கும் இடத்தில், அது வந்தது. தனியாக அல்ல. ஒன்று விட்டு ஒன்றாக, நிற்காமல். புத்தகத்தின் கீழே என் விரல் மணிக்கட்டைத் தேடிப் போனது. எண்ணினேன். இந்தத் தடவை திரும்ப வராதோ என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தேன். நிமிர்ந்தபோது நானா கயிற்றைச் சுருட்டிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், போடவா?"

"போடுங்கோ."

இன்னும் இரண்டு தரம் அவர் அப்படிக் கேட்டார். சேவையர் ஐயா பின்பக்கம், இயந்திரச் சத்தத்துக்குப் பக்கத்தில், கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. நான் ஆழங்களை எழுதினேன். நேரம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

எடுத்த கோடுகளைச் சரிபார்க்க, எல்லாவற்றையும் வெட்டிப் போகும் ஒரு குறுக்குக் கோடு எடுப்பது வழக்கம். இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் இரண்டு ஆழமும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கிழமை இரண்டு குறுக்குக் கோடுகள் எடுத்தோம். அதே கிழமையின் மற்ற ஆறு கோடுகளும் பொருந்தின. ஏழாம் கோடு இரண்டு சந்திப்பிலும் ஒரு பாகத்துக்கு மேல் பிசகியது. சேவையர் ஐயா நானாவைக் கூப்பிட்டார்.

"கயிறை அளந்தனீங்களா?"

"ஒவ்வொரு நாளும் அளக்கிறதான் சேர். நனைச்சுத்தான் அளக்கிற."

படகு கட்டும் ஜெற்றிப் பலகையில் அடித்திருந்த ஆணிகளுக்கு நேரே கயிற்றை நீட்டிப் பிடித்தார்கள். தோல் துண்டு கட்டிய இடம், சிவப்புத் துணி கட்டிய இடம், எல்லாம் சரி.

"அப்ப கயிறு சரி. நேரமும் சரி." என் புத்தகத்தைத் திறந்து அந்த நிரலை விரலால் மேலிருந்து கீழே தடவிக் காட்டினார். "வாசிச்ச ஆள்தான் பிழை."

"இருவது வருசமா இந்தக் கயிற வாசிக்கிறன் சேர்."

"அதுதான். கண் பழுதாப் போச்சுதோ தெரியாது. திங்கக்கிழமையில இருந்து நீங்கள் கொட்டில்ல நில்லுங்கோ. வேற ஆளைப் பாப்பம். கந்தோருக்கு நான் எழுதிறன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். நானா என்னைப் பார்த்தார். சேவையர் ஐயா போனபின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல் பேசினார்.

"மூணு தரம் கேட்ட நான், போடவா எண்டு. நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு நிண்ட நான்."

"நானா, நான்..."

"எனக்கிட்டச் சொல்லி என்ன செய்யிற? கிண்ணியாவுல என்ட ஊட்டுல போய், எனக்குக் கண் தெரியாதாம் எண்டு நான் சொல்லணும். நீங்க அந்தப் பெரிய புத்தகத்தத் தூக்கிக்கிட்டுப் போங்க."

அன்று வெள்ளிக்கிழமை. கந்தோர், அதாவது அலுவலகம், நாலரைக்கு மூடும். சேவையர் ஐயா கையால் எழுதியதைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டால் பிறகு யாராலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது. மாடியில் என் மேசையில் உட்கார்ந்து தாளின் நடுவே ஒரு கோடு கீறினேன். இடப்பக்கம், சொன்னால். வலப்பக்கம், சொல்லாவிட்டால். இடப்பக்கத்தில் முதலாவதாகப் படகு போய்விடும் என்று எழுதினேன். இரண்டாவது, சான்றிதழ் கிடைக்காது. மூன்றாவது, இனி எந்தப் பெண்ணையும் படகில் ஏற்றமாட்டார்கள். வலப்பக்கத்தில் எழுத ஒன்றுதான் இருந்தது. அதை எழுதாமலே எழும்பிச் சேவையர் ஐயாவிடம் போனேன். நெஞ்சு அப்போது மிக ஒழுங்காக அடித்தது. அதில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"ஐயா, ஏழாம் கோட்டின்ரை நேரம் பொய்."

அவர் பேனையைக் கீழே வைக்கவில்லை. "என்ன பொய்?"

"முதல் நாளே எழுதி வைச்சது. படகில நான் மூண்டு தரம் பிந்திக் கூப்பிட்டனான். நானா வாசிச்சது சரி."

"ஏன் பிந்தினது?"

சொன்னேன். நெஞ்சு தவறுவது, எண்ணுவது, மறைத்தது. ஒழுங்காகத்தான் சொன்னேன்.

"எத்தனை நாளா?"

"ஆறு கிழமை."

"அப்ப ஆறு கிழமையா எடுத்த மற்றக் கோடெல்லாம்?"

இந்தக் கேள்வி என் பட்டியலில் இருக்கவில்லை. "தெரியாது ஐயா."

"தெரியாது." அவர் அந்த வார்த்தையை மேசையில் வைப்பது போலச் சொன்னார். "ஒரு கப்பல் உம்மடை தெரியாதுக்கு மேலாலதான் வரப்போகுது." எழுதிய தாளை இரண்டாகக் கிழித்தார். "நானாவுக்கு நான் சொல்லுறன். நீர் எல்லாக் குறுக்குக் கோட்டையும் திரும்பப் பாரும். டொக்டரின்ரை கடிதம் இல்லாமல் படகில கால் வைக்கப்படாது."

திங்கட்கிழமை என் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சான்றிதழ் எழுதும் அதே டொக்டர் கொப்பியை முழுதும் வாசித்தார். கருவாட்டுப் பக்கத்தில் மட்டும் சிரித்தார்.

"எல்லாம் எழுதியிருக்கிறீர். மயங்கி விழுந்தனீரோ எண்டதுதான் இல்லை."

"விழேல்லை."

"வீட்டில ஆரும் சின்ன வயசில திடீரெண்டு செத்தவையோ?"

"இல்லை."

மாடிப்படியில் நாலு தரம் ஏறி இறங்கச் சொன்னார். வந்து நின்றதும் குழாயை வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. இருக்கச் சொல்லி, பேசாமல் காத்திருந்தார். மூன்றாம் நிமிடத்தில் அது வந்தது. அவர் தலையசைத்தார். நான் மறைக்க நினைத்தவரிடமே அது பிடிபட்டது.

பிறகு நெஞ்சிலும் கையிலும் கம்பி பூட்டி, துடிப்பைத் தாளில் கீறும் இயந்திரத்தில் படுக்க வைத்தார்கள். அந்தத் தாளை டொக்டர் என் பக்கம் திருப்பினார். சிறு சிறு சதுரம் போட்ட தாள், நான் நாளெல்லாம் பார்ப்பது மாதிரி.

"இங்கை பாரும். ஒண்டும் தவறேல்லை. ஒண்டு முந்தி வந்திட்டுது. அது பலமில்லாதது, உமக்குத் தெரியாது. பிறகு கொஞ்சம் ஓய்வு. அடுத்தது பலமாய் அடிக்குது, அதைத்தான் இடி எண்டு எழுதியிருக்கிறீர்."

நான் சதுரங்களை எண்ணினேன். ஓய்வுக்குப் பிறகு வந்த துடிப்பு, எங்கே விழ வேண்டுமோ அந்தச் சதுரத்தில்தான் விழுந்திருந்தது. நம்பாமல் இன்னும் இரண்டு இடத்தில் எண்ணினேன்.

"உயிருக்கு?"

"ஒண்டும் செய்யாது. கன பேருக்கு இருக்கு, அவை எண்ணுறேல்லை. இது நிக்கும் எண்டு நான் சொல்லேல்லை. மயக்கம் வந்தால், ஓடேக்க வந்தால், உடன வாரும். மற்றும்படி கையை விட்டிட்டு வேலையைச் செய்யும்."

படகு வேலைக்குத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தார். சேவையர் ஐயா அதை இரண்டு தரம் வாசித்தார். என் தகுதிகாண் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். நான் சரிபார்த்ததில், முந்தின கிழமைகளில் எடுத்த மேலும் இரண்டு கோடு பிழைத்திருந்தது. அவற்றோடு ஏழாம் கோட்டையும் திரும்ப எடுக்க வேண்டும். நேர நிரல் வெறுமையாக இருக்க வேண்டும். கடிகாரத்தில் கண்டதை, கண்ட அந்த நொடியில் எழுத வேண்டும்.

கொப்பியை விட்டது நாலு நாள். ஐந்தாம் நாள் திரும்ப எண்ணினேன். பிறகு ஒரு கிழமை விட்டேன். டொக்டர் சொன்னதால் பயம் போய்விடவில்லை. அது வரும்போதெல்லாம், இந்தத் தடவை வேறோ என்று ஒரு கணம் தோன்றும். அந்தக் கணத்தில் விரல் மணிக்கட்டுக்குப் போகாமல் பிடித்துவைப்பதுதான் நான் பழகிய ஒரே வித்தை. ஒரு கையில் புத்தகம், மற்றதில் பென்சில், இரண்டையும் இறுக்கிப் பிடிப்பேன்.

ஏழாம் கோட்டில் திரும்பப் போனபோது ஆழம் விழும் இடத்தில் அது வந்தது. பென்சிலை இறுக்கினேன். "போடுங்கோ" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நானா எறிந்தார். ஒன்பது பாகம். அடுத்தது பதினொன்று. கரைவரை அவர் ஆழத்தைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதன்பிறகும் இரண்டு கிழமை அப்படியே.

மூன்றாம் கிழமை, ஒரு கோட்டின் நடுவில், நான் மூச்சைப் பிடித்ததை அவர் கண்டிருக்க வேண்டும்.

"என்ன மிஸ், உள்ளுக்க ஒரு குண்டு விழுந்திச்சா? இனி என்ட குண்டப் போடவா?"

படகின் இயந்திரத்தை ஓட்டுபவர் வாய்விட்டுச் சிரித்தார். சேவையர் ஐயா கோணமானியைக் கண்ணிலிருந்து எடுத்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "போடுங்கோ நானா" என்றபோது இருபத்து நாலு விநாடி ஆகியிருந்தது. இருபத்து நாலு என்றே எழுதினேன்.