வெள்ளவத்தை விலாசம்

யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு பழக்கம். எந்தப் படிவத்தைக் கண்டாலும் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் சொந்தக்காரரின் விலாசத்தை எழுதிவிடுவோம். மருத்துவக் காப்புறுதிக்கு நானும் என் மச்சாளின் விலாசத்தைத்தான் கொடுத்தேன். நான் தையல் கடை வைத்து வாழ்வதோ யாழ்ப்பாணத்துக் கோப்பாயில்.

அப்படி எழுதச் சொன்னதே காப்புறுதி முகவர்தான்.

"அக்கா, வடக்கு வலயத்துக்குக் கட்டணம் கூட. இஞ்சை எங்கடை கொம்பனி மட்டும்தான். கொழும்பிலை அஞ்சாறு கொம்பனி போட்டிக்கு நிக்குது, அதாலை அங்கை குறைவு."

அதே வயது, அதே உடம்பு. ஆனையிறவு தாண்டிக் கொழும்புப் பக்கம் போனால் நான் மலிந்துவிடுவேனாம்!

போன வருடம் பித்தப்பையில் கல் வந்தது. யாழ்ப்பாணத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் படுக்கலாமென்று கொம்பனிக்கு அழைத்தேன். என் காப்புறுதி கொழும்பு வலயத்துக்கு உரியது, அங்கே உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்றார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் எப்படிப் போவது? அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வரும்வரை வலியோடு காத்திருந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். என்மேல்தான் கோபம் கோபமாக வந்தது. என் ஊரை நானே ஒளித்திருக்கிறேனே.

புதுப்பிக்க முகவர் வந்தார்.

"கோப்பாய் எண்டு எழுதும், தம்பி. இனி வருத்தம் வந்தால் நான் இஞ்சை ஆஸ்பத்திரியிலைதான் படுப்பன்."

"விலை கூடும் அக்கா. தலைமை அலுவலகத்தின்ரை சட்டம், என்னாலை ஒண்டும் ஏலாது."

"அப்ப எனக்கு வேண்டாம்."

கோப்பாயிலிருந்து எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வரை தையல்காரப் பெண்களின் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "உனக்கென்ன விசரே?" என்று ஒருத்தி கேட்டாள். ஓம், பைத்தியம்தான் என்றேன். எல்லோருடைய பெயரையும் சொந்த விலாசத்தோடு எழுதி, வடக்குப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மற்றக் கொம்பனிகளுக்கு அனுப்பினேன். இரண்டு கொம்பனிகள் வாயே திறக்கவில்லை. மூன்றாவது, ஆளையே அனுப்பியது.

அன்று காலை என் மதிலோரம் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மணம் பிடித்துப் பழைய முகவரும் வந்திருந்தார்.

"அக்கா, உங்களுக்கும் கொழும்பு விலையே தரலாமாம்."

"போன மாசம் சட்டம் எண்டீர். இந்த விலை இவ்வளவு நாளும் எங்கை கிடந்தது?"

அவர் அவசரமாகத் தன் படிவத்தை நீட்டினார். புதியவரோ அதே விலைக்கு, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியின் பெயரையும் என் கண்முன்னே ஒப்பந்தத்தில் எழுதினார். எங்கள் பெண்கள் எல்லோரும் நிரப்பிக் கொடுத்த படிவக் கட்டை அவரிடம் நீட்டினேன். மேலே என் படிவம், விலாசம் கோப்பாய்.

அவர் வாங்கப் போகையில் கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அடுத்த வருசம் இன்னொரு கொம்பனியையும் கூப்பிடுவன். தெரிஞ்சு வைச்சிரும்."