வெண்டலினின் கட்டைவிரல்

வெண்டலின் ஷ்ட்ரோபெலை மாட்டிவிட்டவன் நான்தான். ஜெர்மனியின் ஆல்காய் மலையில் பாலாடைக்கட்டி செய்து பிழைத்தவன் அவன். ஹிட்லரின் போரில் ஐந்து வருஷம் இருந்தும் ஒருவரையும் குறிபார்த்துச் சுட்டதில்லை. எங்கள் பீரங்கிக் கண்காணிப்புப் படையில் அவனுக்கு ஒரே வேலை: எல்லாருக்கும் முன்னால் குழியில் கிடந்து, எதிரியின் பீரங்கி முழங்கியதும் பொத்தானை அமுக்கி, தொலைபேசியில் திசையைச் சொல்வது. பின்னால் எங்கள் கருவிகள் சத்தத்தைப் பதிவு செய்யும்; பீரங்கி இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடுவோம். பிறகு எங்கள் குண்டுகள் அங்கே போகும்.

அமெரிக்கர்களிடம் சரணடைவதற்கு முந்தின நாள் அவனிடம் சொன்னேன்: "டேய், படைப் புத்தகத்தைக் கொளுத்திடு. எந்தப் படைன்னு அதுலதான் எழுதியிருக்கு. நம்மள மாதிரி ஆளுங்கள தனியா வச்சு நோண்டுவானுங்களாம்." இரண்டு பேரும் கொளுத்தினோம். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு எனக்கு.

ஜூலையில், ரைன் ஆற்றங்கரைக் கைதி முகாமில், அந்தப் புத்திசாலித்தனம் பல்லை இளித்தது. அறுவடைக்காக விவசாயிகளை விடுவித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் முகாம் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறும். மிச்சமிருப்பவர்கள் பிரான்ஸுக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டும்.

கூடாரத்தில் ஜெர்மன் பேசும் அமெரிக்க அதிகாரி வெண்டலினின் இடக்கையைத் தூக்கச் சொன்னார். ஹிட்லரின் தனிப்படையான எஸ்.எஸ். ஆட்கள் மேல்கையின் உட்புறத்தில்தான் பச்சை குத்தியிருப்பார்கள். பலர் அதைச் சுட்டு அழித்திருந்தார்கள். வெண்டலினுக்கு அதே இடத்தில் தீக்காயத் தழும்பு.

"இது என்ன?"

"லீவுல போனப்போ பால் கொப்பரை சுட்டுது சார். ஆஸ்பத்திரியில இருந்ததெல்லாம் என் புத்தகத்துல இருந்துச்சு."

"புத்தகம் எங்க?"

"எரிச்சுட்டேன்."

"கையையும் எரிப்ப, புத்தகத்தையும் எரிப்ப, இல்ல?"

அடுத்த ஆளாக நான் நின்றிருந்தேன். அதிகாரி பேனாவை எடுத்தார்.

அப்போது ஆற்றில் இடிந்து கிடந்த பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள்; படாரென்று முழங்கியது. வெண்டலினின் கட்டைவிரல் மேசையை அமுக்கியது. "வடகிழக்கு. பெருசு. ஒண்ணு," என்று வாய் முணுமுணுத்தது.

அதிகாரியின் பேனா நின்றது. "எங்க ஆளும் இப்படித்தான் அமுக்குவான். ஜனவரியில எங்க இருந்த?"

"ஐஃபெல் மலையில சார். கோபுரம் இடிஞ்ச சர்ச்சுக்குப் பின்னால."

அதிகாரியின் முகம் வெளுத்தது. "எதிர்க்காட்டுல பீரங்கியோட இருந்தது நாங்கதான். உங்க குண்டுல ஒம்பது பேர் போனாங்க."

பொய் சொல்லித் தொலையடா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"அமுக்கினது நான்தான் சார்," என்றான் மடையன்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு விடுதலைச் சீட்டில் முத்திரை குத்தினார். "நீ எஸ்.எஸ். இல்ல. என் மனசு மாறுறதுக்குள்ள போயிடு."

வெண்டலின் வாசலில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். நான் கணக்குப் போட்ட கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நீ என்ன வேலை?"

"சமையல்காரன் சார்."

"அவனோட கூட்டாளியா?"

"யாருன்னே தெரியாது சார்."

அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போனான்.

பிரெஞ்சுக்காரர்களுக்குச் சமையல்காரன் தேவைப்பட்டான். முட்டை அவிக்கத் தெரியாத நான் மூன்று வருஷம் அங்கே முட்டைக்கோஸ் வேகவைத்தேன். திரும்பியதும் நேராக ஆல்காய்க்குத்தான் போனேன். அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "வாடா சமையல்காரா," என்றான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.