கடல் கடந்தவர்களுக்கான விதி

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், என் கணவர் இறந்துவிட்டார் என்று ரொறன்ரோவில் ஒரு நீதிபதி முன்னால் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இறந்ததை நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு காலை மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனார். அவரும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. நானும் அவருடைய தாயார், என் மாமியும், ஏறி இறங்காத இராணுவ முகாம் இல்லை. பிறகு மாமி கொழும்புக்குப் போனார், நான் கனடா வந்தேன். வோபர்னில் ஓர் அடுக்குமாடியில் இருந்துகொண்டு, அஜின்கோர்ட்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டினேன்.

அங்கே என்னோடு வேலை செய்த ஒருவர், மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர், கலியாணம் செய்வோமா என்று கேட்டார். மதியம், சோற்றுப் பெட்டியைத் திறந்தபடி கேட்டார். எனக்கு வெட்கமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த பனிக்காலம் முடியும்வரை யோசித்தேன். தனியே இருந்து களைத்துப்போனேன் என்பதுதான் உண்மை. அதற்கு மேல் சோடனை எதுவும் இல்லை.

நான் போய்ப் பார்த்த சட்டத்தரணி ஒரு வெள்ளைக்காரப் பெண். விவாகரத்து எடுப்பதுதான் சுலபம் என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. சண்டை பிடித்தவர்கள் அல்லவா விவாகரத்துக் கேட்பது? நாங்கள் சண்டை பிடிக்கவில்லை, அவர் மண்ணெண்ணெய் வாங்கப் போனார் என்றேன். அப்படியென்றால் ஏழு வருட விதி இருக்கிறது என்றார். ஏழு வருடமாக ஒரு செய்தியும் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளும்படி நீதிபதியிடம் கேட்கலாம். அவர் உத்தரவு தந்தால் மறுமணம் செய்யலாம்.

ஏன் ஏழு என்று கேட்டேன். சனி பகவானைப் போல இவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு ஆர்வமாகச் சொல்லத் தொடங்கினார். பழைய இங்கிலாந்தில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை என்று காணியைக் குத்தகைக்கு விடுவார்களாம். அந்த ஆள் கப்பலேறிக் கடலுக்கு அப்பால் போய்விடுவார். செய்தி வராது. காணிக்காரன் காணியைத் திருப்பிக் கேட்கவும் முடியாமல் நிற்பான். ஏழு வருடம் பார், பிறகு ஆள் செத்ததாக வைத்துக்கொள் என்று சட்டம் செய்தார்கள். கடல் கடந்த கணவனை அதேபோல ஏழு வருடம் பார்த்துவிட்டு மறுமணம் செய்தவளைத் தண்டிக்க வேண்டாம் என்று அதற்கு முன்பே இன்னொரு சட்டம் இருந்தது. பின்னால் வந்த நீதிபதிகள் இரண்டையும் பார்த்து, வழக்குக்கு வழக்கு கொஞ்சம் கொஞ்சமாக, காணாமற்போன எல்லோருக்கும் அதையே பொதுவிதி ஆக்கிவிட்டார்கள். அது கப்பலேறிக் கனடாவுக்கும் வந்தது. காணிக்காரனுடைய தலையிடிக்குச் செய்த மருந்து என் கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

"இந்த ஏழு வருடத்தில் அவரைப் பற்றி யாராவது கேள்விப்பட்டார்களா?" என்று கேட்டார்.

மாமி மாதாமாதம் சாத்திரம் கேட்கிறார், ஆள் வடக்குத் திசையில் சுகமாக இருக்கிறார் என்று சாத்திரியார் சொல்கிறார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதைக் கேள்விப்பட்டதாகக் கொள்ள முடியாது என்றார். அந்த மட்டில் எனக்கு அவரைப் பிடித்தது.

நீதிபதி என்னை நேரில் கேட்க விரும்பினார். என் ஆங்கிலம் அங்கே போதாது என்று நீதிமன்றம் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து அன்ரி ஒருவர். நீதிமன்றத் தாழ்வாரத்தில் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உந்தப் பொட்டை எடுத்துப்போட்டு உள்ளுக்குப் போமன்."

"ஜட்ஜுக்கு உதெல்லாம் விளங்காது, அன்ரி."

"அவருக்கு விளங்காது. எனக்கு விளங்குதெல்லே."

காலையில் பல் துலக்குவதுபோல வைத்துக்கொண்டு வந்த பொட்டு அது. கையைத் தூக்கினேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன். அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்ப ஏதாவது காரணம் உண்டா என்று நீதிபதி கேட்டார். அன்ரி தமிழில் சொன்னார். "இல்லை" என்றேன். அன்ரி அதையும் மாற்றிச் சொன்னார், என் குரலைவிட மெதுவாக. சீக்கிரமாகவே முடிந்துவிட்டது. வெளியே வந்து பஸ்ஸில் இருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. காலில் சப்பாத்து ஈரமாக இருந்தது மட்டும் தெரிந்தது. கடலுக்கு அப்பால் போனவர்களுக்காகச் செய்த விதி என்று அந்தப் பெண் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. அவர் கடைக்கு மட்டும்தான் போனார். கடல் கடந்தவள் நான். அவர் எங்காவது இருந்தால், செய்தி இல்லாமற்போன ஆள் நான்தான்.

அந்த ஞாயிறு மாமி கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தார். உத்தரவு சமையலறை மேசையில் கிடந்தது. அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாற மாசம் செய்தி வருமெண்டு சாத்திரியார் சொல்லுறார்," என்றார் மாமி.

"ஓம் மாமி."

"நீ பொட்டு வைக்கிறனியெல்லே?"

கண்ணாடி கூடத்தில் இருந்தது. பார்க்கத் தேவை இருக்கவில்லை.

"ஓம் மாமி, வைச்சிருக்கிறன்."

மாமி பெரிதாக மூச்சு விட்டது கேட்டது. யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திராது.