றீற்றாவைக் கூப்பிட்ட அரசாங்கம்

பிலிப்பைன்ஸ் அரசாங்கம் றீற்றா குரூசை ஊருக்குத் திரும்பி வரச் சொல்லி அழைத்தது, தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஏதோ ரகசியமாக அழைக்கவில்லை. மைக் வைத்து, கழுத்தில் மாலை போட்டு, ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் அழைத்தது. றீற்றா பிறந்து வளர்ந்தது மன்னாரில். பிலிப்பைன்ஸ் எங்கே இருக்கிறது என்று உலகப்படத்தில் காட்டச் சொன்னால் விரலை இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காட்டுவாள். ஆனாலும் அந்த அழைப்பைக் கேட்டு அவள் அழுதாள். கண் கலங்கியது என்று சொல்லி முடிக்கிற அழுகை இல்லை. மேடையில் நின்று விம்மி விம்மி அழுதாள்.

இதற்கெல்லாம் காரணம் எர்லின்டா. ரொறன்ரோ டவுன்ரவுணில் ஒரு பெரிய ஹோட்டலின் நிலக்கீழ் அறையில், துணி வெளுக்கும் இடத்தில், றீற்றாவும் எர்லின்டாவும் ஒரே மேசையில் வேலை செய்தார்கள். சூடாக வந்து விழும் கட்டில் விரிப்பின் இரண்டு மூலையை இவள் பிடிப்பாள், மற்ற இரண்டு மூலையை அவள் பிடிப்பாள். இருவரும் நடந்து வந்து நடுவில் சந்திப்பார்கள், மடித்துவிட்டுப் பின்னால் போவார்கள், திரும்பவும் வருவார்கள். நாள் முழுக்க இப்படி முகத்துக்கு முகம் பார்த்து நடக்கிறவர்கள் ஒன்றில் பகையாளி ஆக வேண்டும், இல்லையென்றால் சிநேகிதி ஆக வேண்டும். இவர்கள் சிநேகிதிகள் ஆனார்கள். இருவருக்கும் இங்கிலிஷ் அரைகுறை, இருவரும் கத்தோலிக்கர், இருவரும் குடியிருந்தது சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிக் கட்டடங்களில். ஞாயிறு பூசைக்கும் ஒரே கோயில்தான்.

எர்லின்டா முன்பு மணிலாவில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவள். சுற்றுலாத் துறையில் தட்டெழுத்து வேலை. வெளிநாடு போன பிலிப்பைன்ஸ்காரர்களை விடுமுறைக்காவது ஊர் வரச் சொல்லி அவர்களுடைய அரசாங்கம் ஒரு திட்டமே வைத்திருந்தது. ஊர் திரும்புகிறவர்களுக்கு என்று தனிப் பெயர், தனி வரவேற்பு. கூட வரும் கணவனோ மனைவியோ வேறு நாட்டவராக இருந்தாலும் விசா இல்லாமல் ஒரு வருஷம் இருக்கலாம் என்று சலுகை. அந்த அழைப்புக் கடிதங்களை அடித்து அனுப்பியது எர்லின்டாதான். உங்கள் நாடு உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று ஊர் உலகத்துக்கெல்லாம் அடித்தவள், அந்த அலுவலகம் தந்த சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல் நாலு வயது மகனைத் தமக்கையிடம் ஒப்படைத்துவிட்டுக் கனடாவுக்குப் பிள்ளை பார்க்கும் வேலைக்கு வந்தாள். இதைச் சொல்லும்போது அவளே சிரிப்பாள். எங்கள் நாட்டில் விளைகிற முக்கியமான ஏற்றுமதிப் பொருள் நாங்கள்தான் என்பாள். போனவர்கள் அனுப்பும் டொலரில் நாடு மூச்சு விடுகிறது, அவர்கள் விடுமுறைக்கு வந்து கையால் செலவழித்தால் இன்னொரு மூச்சு. அரசாங்கத்துக்கு எப்படிப் பார்த்தாலும் நட்டமில்லை.

அவளுக்குத்தான் நட்டம். ஏழு வருஷமாக மகனைப் பார்க்கவில்லை. தங்கியிருந்து பிள்ளை பார்க்கும் வேலையை முடித்து, பத்திரங்கள் எடுத்து, இந்த ஹோட்டலுக்கு வந்து, எல்லாம் செய்தாகிவிட்டது. ஆனால் உழைப்பது முழுக்க ஊருக்கே போனது. ரிக்கற் எடுக்க நினைக்கும் போதெல்லாம் அங்கே ஒரு கூரை ஒழுகும், இல்லையென்றால் பள்ளிக்கூடம் எதையாவது கேட்கும். கடைசியாகப் போனில் பேசியபோது மகன் தன்னை அறியாமல் அவளை அன்ரி என்று கூப்பிட்டுவிட்டான். அன்றைக்கு அவள் விரிப்பின் மூலையைப் பிடித்தபடி அப்படியே நின்றதை றீற்றா பார்த்தாள்.

அந்தக் காலத்தில்தான் மணிலாவிலிருந்து சுற்றுலாத் துறை அதிகாரி ஒருவர் வருகிறார், கோயில் மண்டபத்தில் கூட்டம், குலுக்கலில் ஒருவருக்கு ஊர் போய்வர விமான ரிக்கற் என்று செய்தி வந்தது. எர்லின்டா ஒரேயொரு குலுக்கல் துண்டு வாங்கினாள். தன் பெயருக்கு இதுவரை எதுவும் விழுந்ததில்லை என்று சொல்லி, அதில் றீற்றாவின் பெயரை எழுதினாள். காரணம், றீற்றம்மாள் நடவாத காரியங்களை நடத்தி வைக்கும் புனிதை. மன்னாரிலும் அப்படித்தான் நம்பிக்கை, மணிலாவிலும் அப்படித்தான். புனிதையைச் சிபாரிசுக்குப் பிடித்துக்கொள்வது கத்தோலிக்கருக்குக் கைவந்த கலை என்பதால் றீற்றாவுக்கும் அது பிழையாகப் படவில்லை.

புனிதை வேலையைச் சரியாகத்தான் செய்தாள். குலுக்கிய பெட்டிக்குள்ளிருந்து வந்தது றீற்றா குரூஸ் என்ற துண்டு. குரூஸ் என்ற பெயர் மன்னாரில் தடுக்கி விழுந்தால் அகப்படும். போர்த்துக்கேயர் விட்டுப்போனது. பிலிப்பைன்ஸில் ஸ்பானியர் விட்டுப்போனதும் ஏறக்குறைய அதே பெயர்தான். நிறமும் ஒத்துப்போனது. மேடைக்கு ஏறிய மாநிற மனுசியைப் பார்த்து அந்த அதிகாரிக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கறுத்த கோட்டுப் போட்ட, மெலிந்த, கனிவான முகமுள்ள மனிதர். துணியில் செய்த மல்லிகை மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டார். அது அவர்களுடைய தேசியப் பூவாம். பிறகு மைக்கை அவள் பக்கம் நீட்டி, எந்தத் தீவு என்று இங்கிலிஷில் கேட்டார்.

றீற்றா உள்ளதைச் சொன்னாள். மன்னார்.

ஏழாயிரம் தீவு உள்ள நாட்டின் சுற்றுலா அதிகாரி, தனக்குத் தெரியாத தீவு ஒன்று இருக்கிறது என்று மேடையில் ஒத்துக்கொள்வாரா? தலையை ஆட்டி, அருமையான கடற்கரை என்றார். அது உண்மைதான் என்பதால் றீற்றாவும் தலையை ஆட்டினாள். எவ்வளவு காலமாக ஊர் போகவில்லை என்று கேட்டார். எட்டு வருஷம் என்றாள். அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டார். புருஷன் என்றாள். எல்லாம் உண்மை. நடக்க ஏலாத தாயை விட்டுவிட்டு வரமுடியாமல் மரியரட்ணம் பின்னுக்கு நின்றான். நீ முன்னுக்குப் போ, அம்மாவை ஒரு ஒழுங்கு பண்ணிவிட்டு வாறன் என்றான். பிறகு சண்டை மூண்டு பாதை பூட்டிக்கொண்டது. இப்போது மடுக் கோயில் வளவில் அகதிக் கொட்டில் ஒன்றில் இருக்கிறான். இங்கிருந்து அவனைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னமும் ஒரு பதிலும் வரவில்லை.

அதிகாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மண்டபத்தைப் பார்த்துச் சொன்னார்: "உங்களுடைய உழைப்பில்தான் நம் நாடு நிற்கிறது. நீங்கள்தான் நம் வீரர்கள்." பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்: "உன் நாடு உன்னைத் தேடுகிறது, மகளே. வீட்டுக்கு வா."

இதைக் கேட்டுத்தான் றீற்றா அழுதாள். மண்டபமே எழுந்து கைதட்டியது. முன்வரிசையில் எர்லின்டாவும் அழுதாள், தனக்கு ரிக்கற் விழுந்துவிட்டதென்று.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ரிக்கற் அவர்கள் நாட்டவருக்கு மட்டும்தான், பெயர் மாற்றுவதானால் அதிகாரிதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று கூட்டம் வைத்த பிலிப்பைன்ஸ் சங்கத்துக்காரர் எல்லோருக்கும் கேட்கவே சொன்னார்கள். அதிகாரி புதன்கிழமை காலை புறப்படுகிறார் என்பதும் தெரியும். றீற்றா கழுத்தில் மாலையோடும் கையில் ரிக்கற் உறையோடும் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை எர்லின்டா ஒரே ஒரு தடவை கேட்டாள், அவரிடம் சொல்லிவிட்டாயா என்று. நாளைக்கு என்றாள் றீற்றா. அதற்குப் பிறகு எர்லின்டா கேட்கவில்லை. ஆனால் ஒருநாளும் கோணாத அவளுடைய மடிப்புகள் அன்றைக்கு முழுக்கக் கோணிக்கொண்டு வந்தன. அதைப் பார்க்கப் பார்க்க றீற்றாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. இருந்தும் அன்றைக்கும் அதிகாரியிடம் போகவில்லை.

அப்பார்ட்மென்ற்றில் அவளோடு சேர்ந்திருந்தவள் இராஜேஸ்வரி அக்கா. யாழ்ப்பாணத்து மனுசி, மனதில் பட்டதைச் சொல்லாவிட்டால் சாப்பாடு செமிக்காது. உறையும் மாலையும் மடுமாதா படத்துக்கு முன்னால் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"உது உன்ர ரிக்கற் இல்லை. அந்தப் பிள்ளை தன்ர மகனைப் பார்க்கப் போகட்டும். நீ ஏன் பிடிச்சு வைச்சிருக்கிறாய்?"

"குடுக்கத்தான் போறன் அக்கா. இண்டைக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

"இருந்து? உனக்கென்ன, அங்க போற எண்ணமே?"

றீற்றா மாலையை நேராக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "எட்டு வருஷத்தில என்னை வா எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை அக்கா. அங்க ஆமிக்காரன் போ எண்டான். இஞ்ச வந்து இறங்க, நீ ஏன் வந்தனி எண்டு கேட்டாங்கள். இவரும் எப்ப எழுதினாலும், என்ன நடந்தாலும் இஞ்சால வந்திடாதை எண்டுதான் எழுதுறார். அவற்ற வாயால ஒருக்கா வா எண்டு கேட்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமே? மேடையில நிண்ட அந்த மனுசன் பிழையான ஆளைத்தான் கூப்பிட்டவர். எண்டாலும் கூப்பிட்டவர்."

இராஜேஸ்வரி தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோயில் மண்டபத்தில் அதிகாரிக்குப் பிரியாவிடை. றீற்றா வேலை உடுப்போடு நேரே அங்கே போனாள். அவள் உள்ளே வருவதைப் பார்த்து அதிகாரி எழுந்து வந்தார். மன்னார் தீவுக்காரி என்று பக்கத்தில் நின்றவருக்கு அறிமுகமும் செய்தார். பாவம் மனிதர். றீற்றா அவரை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய், மன்னார் இருப்பது சிறிலங்காவில் என்றும், தான் அவர்களுடைய ஆள் இல்லை என்றும், துண்டு வாங்கியது எர்லின்டா என்றும், அவளுக்கு அங்கே ஒரு மகன் இருக்கிறான் என்றும் சொல்லி முடித்தாள். உறையையும் மாலையையும் நீட்டினாள்.

அவருடைய முகம் முதலில் சிவந்தது. பிறகு தன் கடற்கரைப் புகழ்ச்சியை நினைத்தாரோ என்னவோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டார். அப்படி ஒருவரும் என்னை வீட்டுக்கு வரச் சொன்னதில்லை, அதுதான் என்றாள் றீற்றா. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பெயரை மாற்றிக் கையெழுத்து வைத்தார். எர்லின்டாவின் பெயரை எழுதும்போது, இந்தப் பெயரை எங்கேயோ கண்டிருக்கிறேனே என்று யோசித்தார். அவருடைய அலுவலகத்தில் கடிதம் அடித்தவள் என்று றீற்றா சொல்லவில்லை. அது எர்லின்டா சொல்ல வேண்டிய கதை.

கடைசியாக அவர் கேட்டார், உன்னுடைய நாட்டுக்கு நீ எப்போது போவாய் என்று.

"கூப்பிட்டால் போவேன்" என்றாள் றீற்றா.

அவர் மாலையை மட்டும் அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் எர்லின்டா புறப்பட்டாள். மிசிசாகாவில் எயார்போர்ட் வாசல்வரை றீற்றாவும் போனாள். அங்கிருந்து உனக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று எர்லின்டா திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒன்றும் வேண்டாம், போய் இறங்கியவுடன் போன் எடு, அது காணும் என்றாள் றீற்றா.  அடுத்த நாள் மேசையில் வேறொரு பிள்ளை விரிப்பின் மற்றப் பக்கத்தைப் பிடித்தது. அதன் முகத்தைப் பார்த்து நடக்க றீற்றாவுக்கு மனம் வரவில்லை.

போன் வந்தபோது ரொறன்ரோவில் காலை, மணிலாவில் இரவு. றீற்றா வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துக் கொழுவிக்கொண்டிருந்தாள். எடுத்தால் ஒரே இரைச்சல், எர்லின்டா எயார்போர்ட்டின் காசுப் போனில் நின்றே பேசுகிறாள். வாத்தியம் வாசிக்கிறார்கள், சனம் கத்துகிறது. எர்லின்டா அழுதுகொண்டே சிரித்தாள். மகன் தன் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டானாம். வெட்கப்பட்டுத் தூரத்தில் நிற்கிறானாம். ஆனால் அம்மா என்றுதான் கூப்பிட்டானாம்.

பிறகு அவள், பொறு, இதைக் கேள் என்று சொல்லிப் போனை உயர்த்திப் பிடித்தாள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் அவர்களுடைய பாஷையில் என்னவோ சொன்னது. பிறகு அதையே இங்கிலிஷில் சொன்னது, வீட்டுக்குத் திரும்பி வந்தவர்களே, உங்கள் நாடு உங்களை வரவேற்கிறது என்று. அரசாங்கம் பதிவு செய்து வைத்து, வருகிற போகிற எல்லோருக்கும் நாள் முழுக்கப் போடும் குரல்தான். றீற்றாவுக்கும் அது தெரியும்.

ஆரது போனில என்று குசினிக்குள்ளிருந்து இராஜேஸ்வரி கேட்டாள். றீற்றா திரும்பவில்லை. யன்னலுக்கு வெளியே ஷேர்போர்ன் தெருவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சப்பாத்தோடு நின்றபடி, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தக் குரலுக்கு மெல்லத் தமிழில் பதில் சொன்னாள்.

"ஓம், வந்திட்டன்."