குழாயில் நின்ற குமிழி

சாவகச்சேரியிலிருந்து பதுளைப் பக்கம் வந்து, ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தைத் தனியாளாகப் பார்த்துவந்தவள் லீலாதேவி. பிழை விடாதவள் என்று பேர் எடுத்திருந்தாள். 1976இல் ஒரு மத்தியானம் அந்தப் பேர் ஆட்டங்கண்டது.

மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து பெரியாயியை லொறியில் கொண்டுவந்திருந்தார்கள். எட்டாம் மாதம். முகமெல்லாம் வீக்கம், இரத்த அழுத்தம் இறங்கவேயில்லை. பிள்ளையின் நுரையீரல் முதிர்ந்திருந்தால் உடனே வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்துவிடலாம் என்றார் டொக்டர் ஜெயரட்ணம். பனிக்குடத்து நீரை ஊசியால் எடுத்து லீலாவிடம் அனுப்பினார்.

நுரையீரலின் காற்றறைகளுக்குள் ஒரேயொரு மூலக்கூறு தடிப்பில் ஒரு பூச்சு உண்டு. அந்த மூலக்கூறுகளின் தலையில் நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் சேர்ந்தே இருப்பதால், ஒன்றையொன்று தள்ளாமல் நெருங்கி நிற்கும். அந்த நெருக்கம்தான் மூச்சை விடும்போது அறைகள் ஒட்டிப்போகாமல் காக்கிறது. முதிர்ந்த பிள்ளையென்றால் பனிக்குடத்து நீரிலும் அது கலந்திருக்கும். ஸ்பிரிட் விட்டுக் குலுக்கினால் பொடிப் பொடிக் குமிழிகள் உடையாமல் வளையமாக நிற்கும்.

வளையம் நின்றது. 'முதிர்ந்துவிட்டது' என்று எழுதி அனுப்பினாள்.

குழாயைக் கழுவ எடுத்தபோதுதான் கவனித்தாள். குமிழிகள் பொடியாக இல்லை. பெரிதும் சிறிதுமாக இருந்தன. காலையில் அவசரமாகக் கழுவிய இன்னொரு குழாயில் வெறும் உப்புநீரும் ஸ்பிரிட்டும் விட்டுக் குலுக்கினாள். அதிலும் குமிழி நின்றது. கழுவப் போட்ட சவர்க்காரம் சரியாகப் போகவில்லை. அதன் மூலக்கூறுகள் ஒரேவகை மின்னேற்றத்தைச் சுமப்பதால் ஒன்றையொன்று தள்ளும், நெருங்கி நிற்கா. ஆனாலும் கண்ணை ஏமாற்ற அது போதும்.

ஓடினாள். பெரியாயியை மேசையில் ஏற்றியிருந்தார்கள்.

"டொக்டர், நான் எழுதினது பிழை."

அவர் கையுறையைக் கழற்றி எறிந்தார். "இன்னும் பத்து நிமிசம் போயிருந்தா?"

மிச்சமிருந்த நீரைச் சுத்தமான குழாயில் ஸ்பிரிட் விட்டுக் குலுக்கினாள். ஒரு குமிழிகூட நிற்கவில்லை.

பிள்ளை முதிரட்டும் என்று காத்திருந்தார்கள். ஆறாம் நாள் பெரியாயிக்கு வலிப்பு வந்தது. இனி வழியில்லை என்று வெட்டினார்கள். பெண் குழந்தை, இரண்டு நாள் முனகி முனகி மூச்செடுத்துப் பிழைத்துக்கொண்டது. தாய் கண்விழித்தபோது அவளுக்குப் பார்வை மங்கியிருந்தது. ஒரு கண் தெளியவேயில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் அவள் புருசன் கந்தப்பன் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றான்.

"அன்னைக்கே வெட்டியிருந்தா இவ கண்ணு தப்பிச்சிருக்குமாங்க?"

"தப்பியிருக்கலாம்."

"புள்ள?"

"பெரும்பாலும் மூச்செடுத்திராது. ஆனா நிச்சயமாச் சொல்ல என்னால ஏலாது."

"சரிங்க," என்றான். குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையால் பெரியாயியைப் பிடித்து, படி படியாக இறக்கிக் கூட்டிப்போனான். லீலாதேவி அன்று சாப்பிடவில்லை.